புது ஊரில் முனைவர் படிப்பு: சேருவதற்கு முன் உள்ள இரண்டு மாதத்தில் எதைச் செய்வது, எதை விடுவது?

பயணப்பை

வணக்கம். சில வருடங்கள் வேலை பார்த்தபிறகு மறுபடி படிக்கப் போகிறேன். சூழலியலில் முனைவர் பட்டம். களப்பணியைவிடத் தரவு அலசல் அதிகம் உள்ள பிரிவு. சேர்க்கை உறுதியாகிவிட்டது, உதவித்தொகைக் கடிதமும் கைக்கு வந்துவிட்டது. வகுப்பு தொடங்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. போகப்போகிற ஊரில் எனக்கு ஒருவரையும் தெரியாது.

இந்த இரண்டு மாதத்தை எப்படிச் செலவிடுவது என்பதில்தான் குழப்பம். கூடப் படித்த தோழி, "போவதற்கு முன்பே நெறியாளரின் கட்டுரைகள் எல்லாவற்றையும் படித்து முடித்துவிடு" என்கிறாள். வீட்டில், "முதலில் தங்க இடம் பார், மற்றதெல்லாம் அப்புறம்" என்கிறார்கள். வேலையை எப்போது விடுவது என்பதும் இதோடு சேர்ந்து நிற்கிறது. கடைசி வாரம் வரை வேலை பார்த்தால் காசு கொஞ்சம் சேரும், ஆனால் மூச்சு விட நேரம் இருக்காது.

எனக்குள் அதிகம் பயம் இருப்பது கணக்கைப் பற்றித்தான். இளங்கலையில் படித்த புள்ளியியலும் நேரியல் இயற்கணிதமும் நன்றாக மங்கிவிட்டன. முதல் செமஸ்டரிலேயே புள்ளியியல் மாதிரிகள் பற்றிய பாடம் கட்டாயம். இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள், எதில் நேரம் போட்டது உண்மையிலேயே கைகொடுத்தது?

நான்காம்மாடி

வாழ்த்துகள். நான் முனைவர் படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறேன். எங்கள் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இடம் தேட உதவும் சீனியர்களில் நானும் ஒருவன். படிப்பைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். பணத்தையும் அறையையும் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் முதல் மாதத்தில் ஆளைச் சாய்ப்பவை இந்த இரண்டும்தான்.

உதவித்தொகைக் கடிதத்தை எடுத்து, முதல் தவணை எந்தத் தேதியில் வங்கிக் கணக்கில் விழும் என்று பாருங்கள். ஆண்டுத் தொகை கொட்டை எழுத்தில் இருக்கும், இந்தத் தேதி பெரும்பாலும் எங்கேயும் இருக்காது. மாதம் முடிந்தபிறகு தருவதுதான் பல இடங்களில் நடைமுறை. சேரும்போது ஒரு படிவமோ வங்கிக் கணக்கு எண்ணோ தாமதமானால் பணம் அடுத்த சுற்றுக்குத் தள்ளிப்போய்விடும். ஆனால் வீட்டுக்கு முன்பணமும் முதல் மாத வாடகையும் சாவி வாங்கும் அன்றே எண்ணி வைக்க வேண்டும். ஆகவே குறைந்தது இரண்டு மாதச் செலவுக்கு உரிய பணம் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு முடியாது என்றால் துறை அலுவலகத்துக்கு எழுதி, முன்கூட்டியே ஒரு பகுதியைத் தர வழி உண்டா என்று கேளுங்கள். மாணவர்களுக்கென்று அவசரக் கடன் நிதி வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. கேட்பவர்களுக்குத்தான் அது கிடைக்கும்.

அதே கடிதத்தில் இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். தொகை வருடத்துக்கு 12 மாதத்துக்கா, வகுப்பு நடக்கும் 9 மாதத்துக்கு மட்டுமா? கல்விக் கட்டணம் தள்ளுபடி என்றால் பதிவுக் கட்டணம், காப்பீடு, ஆய்வகக் கட்டணம் எல்லாம் அதில் அடங்குமா? விடுமுறை மாதங்களில் பணம் நின்றுபோகும் என்பது முன்பே தெரிந்தால் வாடகை ஒப்பந்தத்தை அதற்கேற்ப யோசிக்கலாம்.

அறை விஷயத்தில் என் கருத்து கறாரானது. நேரில் பார்க்காமல் ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் சில வாரத்துக்கு விடுதியிலோ, பல்கலைக்கழக விருந்தினர் அறையிலோ, ஊருக்குப் போகும் யாராவது சீனியரின் அறையிலோ தங்கிக்கொண்டு தேடுவது நல்லது. கல்வியாண்டு தொடங்கும்போது எல்லா இடமும் நிரம்பிவிடும் ஊர்களும் இருக்கின்றன. அங்கே முன்கூட்டியே பிடித்தாக வேண்டும். அப்படியானால் பதிவு செய்த வீடியோவை ஏற்காதீர்கள், நேரடி வீடியோ அழைப்பு கேளுங்கள். தெருவில் ஆரம்பித்து, வாசல், படிக்கட்டு, அறை என்று எங்கேயும் நிறுத்தாமல் நடந்து காட்டச் சொல்லுங்கள். ஜன்னலைத் திறந்து கீழே காட்டட்டும். உள்தாழ்ப்பாளைப் போட்டுக் காட்டட்டும். செல்பேசியில் சிக்னல் எத்தனை கோடு என்பதையும் கேளுங்கள்.

சமீபத்தில் ஒரு புது மாணவிக்காக நான் இப்படிப் பார்த்தேன். குளியலறைக் குழாயைத் திறக்கச் சொன்னோம். சொட்டுச் சொட்டாக வந்தது. விளம்பரப் படத்தில் பளபளவென்று இருந்த அதே குழாய். "மேல்தொட்டியில் இப்போது தண்ணீர் இல்லை" என்றார் காட்டியவர். "சரி, இருக்கும்போது கூப்பிடுங்கள்" என்றோம். அதன்பின் அழைப்பு வரவேயில்லை.

வாடகை மலிவு, ஆனால் இன்றே முன்பணம் அனுப்பினால்தான் இடம் என்று அவசரப்படுத்துகிறவர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள். சாவி வாங்கிய அன்றே, பெட்டியைத் திறப்பதற்கு முன், சுவர்க்கறை, உடைந்த கைப்பிடி என்று எல்லாவற்றையும் படம் எடுத்து உரிமையாளருக்கு மெயிலில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும் நாளில் முன்பணத்தைத் திரும்ப வாங்க அந்த மெயில்தான் ஆதாரம்.

கணக்கேடு

புள்ளியியல் வகுப்புகளுக்கு உதவி ஆசிரியராக இருந்திருக்கிறேன், ஆகவே கணக்குப் பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

மங்கிவிட்டது என்பதற்காகப் பழைய புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். உங்களுக்குத் தேவை ஒரு சிறு பகுதிதான். அணிப் பெருக்கல் என்ன செய்கிறது, ஒரு திசையனை ஒரு தளத்தின் மேல் வீழ்த்துவது என்றால் என்ன, ஐகன் மதிப்பு எதைச் சொல்கிறது. நிகழ்தகவில் நிபந்தனை நிகழ்தகவு, எதிர்பார்ப்பு மதிப்பு, மாறுபாடு, இயல்நிலைப் பரவல். அதன்பின் எளிய நேரியல் தொடர்புப்போக்கு, அதாவது ஒரு அளவு மாறும்போது இன்னொன்று எப்படி மாறுகிறது என்று நேர்கோடு பொருத்திப் பார்ப்பது. இவற்றைக் கையால் போடத் தெரிந்தால் முதல் செமஸ்டர் பாடத்தைப் பின்தொடர முடியும்.

வாசிப்பதைவிடக் கணக்குப் போடுங்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, வாசித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் அதிகம் ஞாபகம் வைத்திருந்தார்கள். நீங்கள் இரண்டு மாதம் கழித்துப் பயன்படுத்தப் போகிறீர்கள், எனவே இரண்டாவது வழிதான் உங்களுக்கானது.

நேரியல் இயற்கணிதத்துக்கு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் திறந்த பாடத் தளத்தில் கில்பர்ட் ஸ்ட்ராங்கின் வகுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம், முதல் பாதி போதும். அத்தோடு ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியில் கை பழகுங்கள். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கியது அது. சூழலியலில் அதில் எழுதாத ஆய்வகத்தைப் பார்ப்பது அரிது. ஏதாவது ஒரு பொதுத் தரவை இறக்கி, ஒரு படம் வரைந்து, ஒரு தொடர்புப்போக்கு ஓட்டி, வருகிற எண்களில் ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். அந்த எழுத்துதான் பயிற்சி.

சுமையிறக்கி

கணக்கேடு சொன்னது தப்பில்லை, ஆனால் இந்த இரண்டு மாதத்தை இன்னொரு செமஸ்டராக மாற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

முனைவர் படிப்பு நான்கு, ஐந்து வருடம் போகும், சிலருக்கு அதற்கும் மேல். அதற்கு முன் கிடைக்கும் இடைவெளி மறுபடி எளிதில் கிடைக்காது. வேலையைக் கடைசி நாள் வரை இழுக்காதீர்கள். பணம் அனுமதித்தால் இரண்டு மூன்று வாரமாவது நடுவில் விடுங்கள். பார்க்க வேண்டிய மனிதர்களைப் பாருங்கள், தூங்குங்கள்.

தோழி சொன்ன "எல்லாக் கட்டுரையும்" யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பத்து வருடத்துக்கு முன் நெறியாளர் எழுதியதை இப்போது அவரே விட்டு வந்திருக்கலாம். இரண்டு அல்லது மூன்று அண்மைக் கட்டுரைகள் போதும். எப்படிப் படிப்பது என்பதற்கு, கணினி வலையமைப்பு ஆய்வாளர் கேசவ் 2007-இல் எழுதிய சிறு வழிகாட்டி ஒன்று மாணவர்களிடையே பிரபலம். மூன்று சுற்று. முதல் சுற்றில் தலைப்பு, சுருக்கம், முன்னுரை, உபதலைப்புகள், முடிவுரை மட்டும், ஐந்திலிருந்து பத்து நிமிடம். இரண்டாவதில் படங்களையும் வாதத்தையும் கவனித்து ஒரு மணி நேரம் வரை. மூன்றாவதில் அந்த ஆய்வை நாமே செய்வதுபோல் மனதில் கட்டிப் பார்ப்பது. புதியவர்களுக்கு அதற்கு நாலைந்து மணி நேரம் ஆகும் என்று அவரே சொல்கிறார். முதல் சுற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டிய கட்டுரைகள்தான் அதிகம். அது தெரிந்தாலே பாதி பாரம் குறையும்.

கணக்கேடு

சுமையிறக்கி, ஓய்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் சில மணி நேரம் என்றுதான் நினைத்து எழுதினேன், அதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அடிப்படைக் கணக்கை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பதை ஏற்க மாட்டேன். சூழலியலில் இதற்கு ஒரு பழைய எச்சரிக்கையே இருக்கிறது. ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-இல் ஒரு கட்டுரை எழுதினார். வெளியான 176 களப் பரிசோதனை ஆய்வுகளை எடுத்துப் பார்த்து, அவற்றில் 27 சதவீதத்தில் ஒரே பிழை இருப்பதாகக் காட்டினார். ஒரு குளத்தில் உரம் போடுகிறீர்கள், பக்கத்துக் குளத்தில் போடவில்லை. ஒவ்வொன்றிலும் இருபது குடுவைத் தண்ணீர் எடுக்கிறீர்கள். உங்களிடம் இருப்பது நாற்பது மாதிரி என்று கணக்கில் போட்டால் அது பிழை. இருப்பது இரண்டு குளம்தான். மென்பொருள் இதைச் சொல்லாது, அழகாக ஒரு எண்ணைக் கொடுத்துவிடும். மாதிரிகள் ஒன்றுக்கொன்று சார்பில்லாதவையா என்ற கேள்வி மனதில் தானாக எழுகிற அளவுக்குப் பயிற்சி வேண்டும். புது ஊர், புது அறை, புது மனிதர்கள், நாலு வகுப்பு என்று எல்லாம் ஒரே நேரத்தில் வரும்போது அந்தப் பயிற்சிக்கு இடம் கிடைப்பது கஷ்டம். இப்போது வாரத்துக்கு நாலு மணி நேரம் போட்டால் அப்போது பதற வேண்டியதில்லை.

சுமையிறக்கி

வாரத்துக்கு நாலு மணி என்றால் சரி, ஒத்துக்கொள்கிறேன். குளம் உதாரணம் நன்றாக இருக்கிறது.

பயணப்பை

எல்லோருக்கும் நன்றி. உதவித்தொகைக் கடிதத்தைப் பார்த்தேன், முதல் தவணைத் தேதி உண்மையிலேயே இல்லை. துறை அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன்.

குளம் உதாரணத்தைப் படித்தபிறகு கணக்கைப் பற்றிய பயம் குறைந்து, ஆர்வம் கொஞ்சம் வந்திருக்கிறது. இன்னொரு கேள்வி. நெறியாளருக்குச் சேருவதற்கு முன்பே எழுதலாமா? தொந்தரவு என்று நினைப்பாரோ என்று தயக்கம். என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை. இன்னொன்று, மடிக்கணினி பழசு. புதிதாக வாங்கிவிட்டுப் போகலாமா?

கரும்பலகை

நான் ஆசிரியர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மாணவர்களுக்கு நெறியாளராக இருந்து வருகிறேன்.

எழுதுங்கள், தயங்க வேண்டாம். எங்களுக்குத் தொந்தரவாக இருப்பது பதில் சொல்ல முடியாத நீண்ட மெயில்கள்தான். குறுகிய, தெளிவான மெயில் வந்தால் மகிழ்ச்சியாகவே இருக்கும். இந்த அளவு போதும்:

"மதிப்புக்குரிய பேராசிரியருக்கு, வரும் செமஸ்டரில் உங்கள் குழுவில் சேர இருக்கிறேன். வகுப்பு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னதாக ஊருக்கு வந்துவிடுவேன். அதற்குள் நான் படிக்க வேண்டிய இரண்டு மூன்று கட்டுரைகளைச் சொல்ல முடியுமா? குழுவில் எல்லோரும் பயன்படுத்தும் மென்பொருள் எது? ஆய்வகத்தில் கணினி கிடைக்குமா, நான் கொண்டுவர வேண்டுமா? குழுவில் உள்ள மாணவர் ஒருவரோடு பேச விரும்புகிறேன், யாரைத் தொடர்பு கொள்ளலாம்?"

மடிக்கணினிக்கான பதிலும் இதிலேயே இருக்கிறது. கேட்காமல் வாங்காதீர்கள். பல குழுக்களில் ஆய்வு நிதியிலிருந்து கணினி தருவார்கள். தராவிட்டாலும் கனமான கணக்குகளைப் பல்கலைக்கழகத்தின் பொதுக் கணினித் தொகுதியில் ஓட்டுவதுதான் வழக்கம், உங்கள் மேசையில் சாதாரண இயந்திரம் இருந்தால் போதும்.

முதல் சந்திப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான மாணவர்கள் ஆய்வுத் தலைப்பைப் பற்றி மட்டுமே பேசத் தயாராகி வருகிறார்கள். தலைப்பு எப்படியும் மாறும். வேலை நடக்கும் முறையைப் பற்றிக் கேளுங்கள். எத்தனை நாளுக்கு ஒரு முறை சந்திப்போம்? நான் எழுதிக் கொடுத்தால் எவ்வளவு நாளில் திருத்தம் வரும்? கட்டுரையில் பெயர் வரிசை எப்படி முடிவாகும்? விடுப்பு எடுக்க யாரிடம் சொல்ல வேண்டும்? நான் திரட்டும் தரவு படிப்பு முடிந்தபின் யாரிடம் இருக்கும்? இவற்றைத் தொடக்கத்தில் கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. மூன்றாம் வருடத்தில், மனக்கசப்பு வந்தபிறகு கேட்கும்போதுதான் இருவருக்கும் சங்கடம். ஒவ்வொரு சந்திப்பு முடிந்ததும், பேசியதை ஐந்தாறு வரியில் எழுதி மெயில் அனுப்புகிற மாணவர்கள் என்னிடம் இருந்திருக்கிறார்கள். என் ஞாபக மறதியிலிருந்து அவர்களைக் காப்பாற்றியது அந்த வரிகள்தான்.

மூன்றாம்வருடம்

கரும்பலகை ஐயா சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். குழுவில் உள்ள மாணவரோடு பேசும்போது மெயிலில் கேட்காதீர்கள், தொலைபேசியில் கேளுங்கள். எழுத்தில் யாரும் மனம் திறக்க மாட்டார்கள்.

"நெறியாளர் எப்படி?" என்று கேட்டால் "நல்லவர்" என்றுதான் பதில் வரும். குறிப்பாகக் கேளுங்கள். கடைசியாக நீங்கள் கொடுத்த வரைவு எப்போது திரும்பி வந்தது? ஞாயிற்றுக்கிழமை மெயில் அனுப்பினால் அன்றே பதில் எதிர்பார்ப்பாரா? ஆய்வு ஒரு மாதம் ஓடவில்லை என்றால் என்ன சொல்வார்? இங்கே படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? நடுவில் விட்டுப்போனவர்கள் உண்டா? பதிலைவிடப் பதிலுக்கு முன் வரும் இடைவெளியைக் கவனியுங்கள்.

நீங்கள் ஏற்கனவே சேர முடிவு செய்துவிட்டீர்கள் என்றாலும் இது வீண் போகாது. அவர் வேலை செய்யும் விதம் முன்பே தெரிந்தால் தேவையில்லாமல் மனம் நோகாது. என் நெறியாளர் கேள்விக்குறி மட்டும் போட்டு வரைவைத் திருப்பித் தருவார். அது கோபம் கிடையாது, "இங்கே இன்னும் விளக்கு" என்று அர்த்தம். சீனியர் அதை முன்பே சொல்லியிருந்ததால் முதல் வரைவு முழுக்கக் கேள்விக்குறியோடு வந்தபோது நிம்மதியாக உட்கார்ந்து விளக்கி எழுதினேன்.

நூலகவாசி

யாரும் நூலகத்தைப் பற்றிச் சொல்லவில்லையே என்று வந்தேன். பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிறேன்.

பெரிய நூலகங்களில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு பாட நூலகர் இருப்பார். சேர்ந்த முதல் வாரத்தில் அவரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். எந்தத் தரவுத்தளத்தில் எப்படித் தேடுவது, நம்மிடம் இல்லாத புத்தகத்தை வேறு நூலகத்திலிருந்து எப்படி வரவழைப்பது என்று அவர் காட்டிக் கொடுப்பார். மாணவர்கள் பலர் இதை ஆய்வேட்டின் கடைசி ஆண்டில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

ஊருக்குப் போவதற்கு முன் வீட்டிலிருந்தே செய்யக்கூடியது, மேற்கோள்களைச் சேமிக்கும் ஒரு மென்பொருளைப் பழகுவது. ஜோடெரோ இலவசம், திறமூலம், ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006-இல் தொடங்கியது. முதல் கட்டுரையிலிருந்தே அதில் போட்டுவிட்டால், நாளைக்கு நூற்றுக்கணக்கான மேற்கோள்களைக் கையால் தட்டும் வேலை இல்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே மூன்று வரி குறிப்பு எழுதுங்கள்: என்ன கேட்டார்கள், என்ன கண்டார்கள், எனக்கு எது புரியவில்லை. மூன்றாவது வரிதான் பிறகு அதிகம் பயன்படும், ஆய்வுக் கேள்விகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் முளைக்கின்றன.

ஆர்க்கிட் எண்ணும் எடுத்துவிடுங்கள். 2012-இல் வந்த திட்டம் அது. ஒவ்வொரு ஆய்வாளருக்கும் 16 இலக்க அடையாள எண், இலவசமாகக் கிடைக்கும். தமிழ்ப் பெயர்களில் முதலெழுத்து எங்கே போகும், தந்தை பெயர் எது, குடும்பப்பெயர் எது என்று இதழ்கள் குழப்பிக்கொள்கின்றன. ஒரே ஆளின் பெயர் மூன்று விதமாக அச்சாகிறது. எண் இருந்தால் எல்லாம் ஒரே கணக்கில் சேரும். கூடவே, உங்கள் பெயர் கட்டுரைகளில் எப்படி வர வேண்டும் என்று இப்போதே முடிவு செய்து, சேர்க்கைப் படிவத்திலிருந்து அதே வடிவத்தைப் பயன்படுத்துங்கள்.

கரும்பலகை

பெயர் விஷயத்தை அழுத்தமாக வழிமொழிகிறேன். சான்றிதழ்களிலும் சேர்க்கைக் கடிதத்திலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். வேறுபட்டால் பட்டமளிப்பு வரை தொடரும் தலைவலி அது.

இரண்டாம்மணி

நான் குழந்தையோடு படிக்கப் போனவள், ஆகவே என் பட்டியல் வேறு. பயணப்பைக்குப் பொருந்தாவிட்டாலும் இந்த இழையைப் பின்னால் படிப்பவர்களுக்கு உதவும்.

பல்கலைக்கழகக் குழந்தைகள் காப்பகத்தில் காத்திருப்போர் பட்டியல் நீளம். சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே பெயர் கொடுத்துவிட வேண்டும். வீடு தேடும்போது துறைக்கு எவ்வளவு தூரம் என்று பார்ப்பதைவிட, காப்பகத்துக்கும் துறைக்கும் சேர்த்து எவ்வளவு நேரம் என்று பாருங்கள். மாலை வகுப்பும் கருத்தரங்கும் காப்பகம் மூடும் நேரத்துக்குப் பிறகு நடந்தால் என்ன செய்வது என்பதை நெறியாளரிடம் முதல் மாதத்திலேயே சொல்லிவிட்டேன். அவர் குழுக் கூட்டத்தையே காலைக்கு மாற்றினார். இப்படி ஒரு சிக்கல் இருப்பது அதுவரை அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

உடல்நலக் குறைபாடோ, கற்றலில் சிரமமோ உள்ளவர்களுக்கும் இதே மாதிரிதான். தேர்வில் கூடுதல் நேரம், மேசை வசதி போன்றவற்றுக்குப் பல்கலைக்கழகத்தில் தனி அலுவலகம் இருக்கும். மருத்துவச் சான்று கேட்பார்கள், ஒப்புதல் வர நாளாகும். தற்போதைய மருத்துவரிடமே சான்றை வாங்கிக்கொண்டு போங்கள். தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள் புது மருத்துவர் கிடைக்கும் வரைக்குமான மருந்தையும், மருந்தின் வணிகப்பெயர் தவிர வேதிப்பெயரும் எழுதிய சீட்டையும் கையோடு வைத்திருங்கள். வணிகப்பெயர் ஊருக்கு ஊர் மாறும்.

பயணப்பை

நெறியாளருக்கு எழுதினேன். இரண்டே நாளில் பதில் வந்தது! மூன்று கட்டுரைகள் அனுப்பியிருக்கிறார், ஒரு சீனியரின் எண்ணும் கொடுத்திருக்கிறார். ஆய்வகத்தில் கணினி உண்டாம்.

ஒன்று கேட்கலாமா? துறையின் தளத்தில் இந்த வருடம் சேருபவர்களைப் பற்றிய சிறு குறிப்புகளைப் போட்டிருக்கிறார்கள். ஒருவர் ஏற்கனவே கட்டுரை வெளியிட்டிருக்கிறார், இன்னொருவருக்குத் தேசிய அளவில் விருது. நான் அலுவலக வேலையிலிருந்து வருகிறவள். அதைப் படித்த இரவு தூக்கம் சரியாக வரவில்லை. இது எல்லோருக்கும் வருவதா?

சுமையிறக்கி

வரும். 1978-இலேயே பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். சாதித்த பெண்கள் பலர், தங்கள் இடம் தவறாகக் கிடைத்துவிட்டது, என்றாவது மற்றவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற அச்சத்தோடு இருப்பதை அவர்கள் கவனித்தார்கள். பிறகு வந்த ஆய்வுகள் ஆண்களிடமும் இது இருப்பதைக் காட்டின. அந்தக் குறிப்பில் விருதோடு இருப்பவரும் உங்கள் குறிப்பைப் பார்த்து, "இவர் வேலை அனுபவத்தோடு வருகிறாரே" என்று நினைத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சேர்க்கைக் குழு உங்கள் விண்ணப்பத்தைப் படித்துத்தான் கூப்பிட்டது.

அலுவலக வேலை குறைவில்லை. கெடு வைத்து வேலை முடிப்பது, ஒரு கோப்பை மற்றவர் எடுத்தாலும் புரிகிற மாதிரி வைப்பது, கூட்டத்தில் "எனக்கு இது புரியவில்லை" என்று சொல்வது, இவற்றை நேராகக் கல்லூரியிலிருந்து வருகிறவர்கள் அங்கேதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

மூன்றாம்வருடம்

இதை லேசாகக் கடந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். 2018-இல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் ஒரு கணக்கெடுப்பு வந்தது. 26 நாடுகளில் 2,279 பேர், பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்கள். பொதுமக்களோடு ஒப்பிட்டால் மனச்சோர்வும் பதற்றமும் இவர்களிடம் ஆறு மடங்குக்கு மேல் இருந்தன. இணையத்தில் தாமாக முன்வந்து பதில் சொன்னவர்கள் என்பதால் எண்ணை அப்படியே எல்லோர் மேலும் ஏற்ற முடியாது. ஆனால் அதில் ஒன்று என்னை யோசிக்க வைத்தது: பதற்றமோ மனச்சோர்வோ இருந்தவர்களில் பாதிப் பேர் அளவுக்கு, தங்கள் நெறியாளர் உண்மையான ஆதரவு தருவதாகச் சொல்லவில்லை. நெறியாளரோடு உள்ள உறவைப் பற்றி இந்த இழையில் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இருக்கிறது.

பயணப்பை, மாணவர் ஆலோசனை மையத்தின் எண்ணை இப்போதே செல்பேசியில் சேமியுங்கள். எத்தனை அமர்வு இலவசம், காப்பீடு எந்த நாளிலிருந்து செல்லும் என்றும் பார்த்து வையுங்கள். தேவைப்படும் நாளில் இவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கும் தெம்பு இருக்காது.

அப்புறம், ஆய்வகத்துக்கு வெளியே ஒரு இடம் பிடியுங்கள். விளையாட்டோ, பாட்டுக் குழுவோ, மொழி வகுப்போ, எதுவாகவும் இருக்கலாம். முதல் மாதத்திலேயே சேருங்கள், பிறகு நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம் என்றால் கிடைக்காது. ஆய்வு ஓடாத வாரத்தில், ஆய்வைப் பற்றிக் கேட்காத நாலு பேர் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அப்போது தெரியும்.

பயணப்பை

நன்றி. இதை மறுபடி மறுபடி படித்தேன். எண்ணைச் சேமித்துவிட்டேன். அந்த ஊரில் நீச்சல் குளம் எங்கே என்றும் பார்த்து வைத்திருக்கிறேன்.

இதுவரை முடிவானவை: வகுப்புக்கு மூன்று வாரம் முன்பு வேலையிலிருந்து நிற்கிறேன். முதல் மாதத்துக்குப் பல்கலைக்கழக விருந்தினர் அறை கிடைத்துவிட்டது, அங்கிருந்து வீடு தேடுவேன். முதல் தவணை இரண்டாம் மாதத் தொடக்கத்தில்தான் என்று அலுவலகம் உறுதி செய்தது. அதற்கேற்பப் பணம் ஒதுக்கிவிட்டேன். சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம், புதன்கிழமை மாலையில் இரண்டு மணி நேரம் கணக்கு.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். புத்தகங்களும் துணிகளும் நாலு பெட்டி சேர்ந்துவிட்டன. விருந்தினர் அறையில் அவ்வளவு இடம் இல்லை. துறை முகவரிக்கு முன்கூட்டியே பார்சல் அனுப்பினால் வாங்கி வைப்பார்களா?

நான்காம்மாடி

துறை அலுவலக மேலாளரைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள், கேட்காமல் வேண்டாம். எங்கள் துறையில் வாங்கி வைப்பார்கள், ஆனால் கல்வியாண்டு தொடக்கத்தில் அந்த அறை நிரம்பி வழியும். பெட்டியின் மேல் உங்கள் பெயரோடு நெறியாளரின் பெயரும் குழுவின் பெயரும் எழுதுங்கள், இல்லையென்றால் புது மாணவரின் பெட்டியை யாருக்கும் அடையாளம் தெரியாது. நாலையும் அனுப்பாமல் இரண்டை வீட்டிலேயே விட்டு வாருங்கள். வீடு அமைந்தபிறகு வரவழைத்துக்கொள்ளலாம், புத்தகங்களில் பாதி அங்குள்ள நூலகத்திலேயே இருக்கும்.

அசல் சான்றிதழ்கள், சேர்க்கைக் கடிதம், உதவித்தொகைக் கடிதம், மருந்து, மூக்குக்கண்ணாடிக்கான சீட்டு எதுவும் பார்சலில் போகக் கூடாது. அவை கைப்பையில். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரு பிரதி இணையச் சேமிப்பிலும், ஒரு பிரதி வீட்டில் இருப்பவரிடமும் இருக்கட்டும். வேறு நாட்டுக்குப் போவதாக இருந்தால் சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுப் பயன்பாட்டுக்காக அரசு தரும் சான்று) கேட்பார்களா என்றும் பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள். 1961-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் உள்ள நாடுகளுக்குள் அந்த ஒரு முத்திரை போதும், மற்ற நாடுகளுக்குத் தூதரகம் வழியாகப் போக வேண்டியிருக்கும், அதற்கு அதிக நாள் பிடிக்கும். கேட்பதாக இருந்தால் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.